நகம் கடித்த வாய்

குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை அதன் நகத்தில் இரும்பு படக்கூடாது என்பது எங்கள் ஊரில் எல்லா வீடுகளிலும் இருந்த வழக்கம். இந்து வீடு, கிறிஸ்தவர்களான வேதக்காரர் வீடு என்ற வித்தியாசம் இதில் கிடையாது. நகம் வளர்ந்தால் பெற்றவள் தன் பல்லால் கடித்து எடுக்க வேண்டும். என் மாமியார் எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். குளிப்பாட்டி, துவட்டி, மடியில் போட்டுக்கொண்டு மகளின் விரல்களை ஒவ்வொன்றாக உதட்டுக்குள் வைத்து நுனிப்பல்லால் கடித்துத் துப்புவேன். அவளுக்குக் கூசும். கெக்கலித்துச் சிரிப்பாள்.

எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு மூன்று நான்கு வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. இராஜாக்கமங்கலத்துக்கு ஒன்றரை மைல் கிழக்கே எங்கள் வீடு. கணவர் கோட்டாற்றில் ஒரு பலசரக்கு மண்டியில் எடை போடும் வேலையில் இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை விடியலில் போய்விடுவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் மாமியாரும் ஐந்து மாதக் குழந்தையும் மட்டும்தான். மாமியாரை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் லேஸ் பின்னும் வேலை செய்துவந்தேன். வட்டத் திண்டின் மேல் மாதிரித் தாளை விரித்து, அதன் புள்ளிகளில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். எங்கள் வேதக்கோயில் வளாகத்தில் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து பின்னுவோம். எங்கள் வேலையை மேற்பார்க்க ஒரு அக்கா உண்டு. நாற்பது வயது இருக்கும், கல்யாணம் செய்துகொள்ளாதவர். காலையில் திண்டைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தியும் அவர் முன்னால் கையை நீட்ட வேண்டும். நகம் ஒட்ட வெட்டி, ஓரம் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்திருக்க வேண்டும். நகத்தைக் கடித்திருந்தால் கண்டுபிடித்துவிடுவார். "பிசிறு நகம் நூலப் பிடிச்சு இழுக்கும் ஏட்டி, போய் அரம் வச்சுத் தேச்சிட்டு வா" என்று திருப்பி அனுப்புவார். எங்கள் விரலுக்காக அல்ல, வெள்ளை நூலுக்காகத்தான் அவ்வளவு கண்டிப்பு என்று நாங்கள் முணுமுணுப்போம்.

பிள்ளை பெற்ற பிறகு திண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பின்ன அக்கா அனுமதி கொடுத்தார். கிறிஸ்மஸுக்கு முன் கப்பல் ஏற வேண்டிய ஒரு மேசைவிரிப்பின் ஓரம் என் பங்கு. வீட்டில் கையை நீட்டிக் காட்ட ஆள் இல்லை. சின்ன வயதில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதையாவது யோசித்துக்கொண்டிருந்தால் நகத்தின் ஓரத்தில் கிளம்பும் தோலைப் பல்லால் பிய்ப்பேன். அக்காவுக்குப் பயந்து விட்டிருந்த அந்தப் பழக்கம் வீட்டுக்குள் உட்கார்ந்ததும் திரும்ப வந்துவிட்டது. அது ஐப்பசி மாதம். விடாத மழை. குழந்தையின் துணிகளை அலசுவது, மீன் கழுவுவது, அரிசி களைவது என்று நாள் முழுக்கக் கை ஈரத்திலேயே ஊறிக் கிடந்தது. விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கி இருந்தன.

ஒரு திங்கட்கிழமை, வலது கை ஆள்காட்டி விரலில், நான் தோலைப் பிய்த்திருந்த அதே இடத்தில் குண்டூசி குத்தியது. ஒரு சொட்டு ரத்தம் வந்தது. நூலில் பட்டுவிடக்கூடாதே என்று சட்டென்று விரலை வாயில் வைத்துச் சூப்பினேன். பிறகு மறந்துபோனேன்.

புதன்கிழமை காலையில் நகத்தின் ஓரம் சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. தொட்டால் உயிர் போகும் வலி. விரலுக்குள் யாரோ தட்டிக்கொண்டே இருப்பது போல விண் விண் என்று தெறித்தது. வாயில் வைத்தால் கொஞ்சம் சுகமாக இருந்தது. அதனால் வேலைக்கு இடையில் அடிக்கடி வாயில் வைத்துக்கொண்டேன். மத்தியானம் அப்படி வைத்தபோது நாக்கில் உப்புக் கரித்தது. எடுத்துப் பார்த்தேன். நகத்தோரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் மாமியின் கை. மாமிக்கு வலது கை நடுவிரலில் மேல் கணு கிடையாது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பற்றி ஒருநாள் கேட்டிருந்தேன். மாமிக்குப் பதினெட்டு வயதில், காயலோரத்தில் அழுகின தேங்காய்த் தொண்டு அடித்து நார் எடுக்கிற வேலை செய்தபோது, நகத்துக்கடியில் ஒரு சிம்பு ஏறிவிட்டது. தன் மாமியாருக்குப் பயந்து யாரிடமும் சொல்லாமல் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்துக்கொண்டே வேலை செய்திருக்கிறார். "நாலு நாளு ஒளிச்சேன் பிள்ளே. அஞ்சாம் நாளு நுனி கறுத்துப் போச்சு. வைத்தியன் வந்து பாத்தான், ரெண்டு பேரு என்னப் பிடிச்சுக்கிட்டாவ. அறுத்தாச்சு" என்று அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்.

ஒளித்ததால்தான் விரல் போனது என்று சொல்வதற்காகத்தான் மாமி அந்தக் கதையைச் சொன்னார். ஆனால் என் மனதில் தங்கியது ரெண்டு பேர் பிடித்துக்கொண்டதும் அறுத்ததும் மட்டும்தான். சொன்னால் அறுத்துவிடுவார்கள். ஆள்காட்டி விரல் போனால் லேஸ் பின்ன முடியாது, குழந்தையைச் சரியாகத் தூக்கக்கூட முடியாது. இரண்டு நாள் பார்ப்போம், தானே உடையும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு துணிக் கிழிசலை விரலில் சுற்றினேன். மாமி கேட்டால் குண்டூசி குத்திவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய்யும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் குழந்தை தன் கன்னத்தில் நகத்தால் கீறிக்கொண்டாள். மெல்லிய சிவப்புக் கீறல். மாமி அதைப் பார்த்துவிட்டு, "நகம் வளந்திருக்கு பாரு. கடிச்செடு மக்ளே, கண்ணுல கீறிறப் போவுது" என்றார். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பத்து விரலையும் கடித்து எடுத்தேன். இடது கட்டைவிரலில் கொஞ்சம் ஆழமாகக் கடித்துவிட்டேன் போல. வீறிட்டு அழுதாள். மார்பில் போட்டதும் அடங்கினாள். அதற்குமேல் நான் அதைப் பற்றி நினைக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் குடத்தைத் தூக்கும்போது விரல் குடத்தின் விளிம்பில் இடித்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. குடம் கவிழ்ந்து தண்ணீர் முற்றமெல்லாம் ஓடியது. மாமி அடுக்களையிலிருந்து ஓடி வந்தார்.

"கையக் காட்டு."

"ஒண்ணுமில்ல மாமி, குண்டூசி..."

"காட்டுன்னு சொன்னேன்."

துணியை அவரே அவிழ்த்தார். விரல் நுனி ஒரு கத்தரிப் பிஞ்சைப் போல ஊதா நிறத்தில் இருந்தது. மாமி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவருக்கும் பயம்தான் என்பதை அதில் தெரிந்துகொண்டேன். அது என் பயத்தை இரண்டு மடங்காக்கியது.

"எத்தன நாளாச்சு?"

"ரெண்டு நாளு."

"பொய் சொல்லாத."

"ரெண்டுதான் மாமி. சத்தியமா."

பக்கத்து வீட்டு மரத்திலிருந்து எலுமிச்சம்பழம் பறித்து வந்தார். அதில் துளை போட்டு, மஞ்சள்பொடி நிறைத்து, விரலில் தொப்பி மாதிரி மாட்டிவிட்டார். ஊரில் நகச்சுற்றுக்கு எல்லோரும் செய்கிற கை மருந்து அதுதான். முதலில் குளிர்ச்சியாக இருந்தது. பிறகு எரிய ஆரம்பித்தது. நான் தூங்கவில்லை. மாமியும் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முகம் கழுவக் கையை நீட்டியபோது முன்கையின் உள்பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரைக்கும், சிவப்பு மையில் கோடு கிழித்தது போல நேராக இருந்தது. அழுத்தித் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. அக்குளில் நெறிகட்டி வலித்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

குழந்தை எழுந்து அழுதாள். பால் கொடுக்க எடுத்தேன். எப்போதும் அவள் பால் குடிக்கும்போது இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்குப் பிடிக்கவில்லை. கையைத் தனியாக உயர்த்தி வைத்துக்கொண்டு சிணுங்கினாள். அந்தக் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தைச் சுற்றிச் சிவந்து, ஒரு ஓரத்தில் அரிசி மணி அளவுக்கு வெளுத்திருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சீழ் வடிந்த விரலைச் சூப்பிய வாயால்தான் இந்த விரலைக் கடித்திருக்கிறேன். எனக்குள் இருந்த விஷத்தை நானே என் பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறேன். என் கையில் ஓடுகிற அந்தக் கோடு அவளுடைய சின்னக் கையிலும் ஓடும். என் கையில் முழங்கை வரை வர நான்கு நாள் ஆயிற்று. அவளுடைய கை என் சாண் நீளம்தான் இருக்கும். அது எவ்வளவு நேரத்தில் நெஞ்சைத் தொடும் என்று கணக்குப் போட்டேன். மாமியைக் கூப்பிட்டேன்.

மாமி வந்து பார்த்தார். முதலில் என் கையையும் பிறகு குழந்தையின் விரலையும் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போணும்" என்றார். அவ்வளவுதான். அடுப்பில் வைத்திருந்த கஞ்சியை அப்படியே இறக்கி வைத்துவிட்டுச் சேலை மாற்றினார்.

நாகர்கோவிலுக்குப் போகிற பஸ் மழையால் இரண்டு நாளாக வரவில்லை. வழியில் ஓடை பெருகி ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியது. மாமி குழந்தையைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு கோயில் வளாகத்துக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். மாட்டுவண்டி கேட்பதற்காகத்தான் போனோம். லேஸ் அக்கா அப்போதுதான் கட்டடத்தைத் திறந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் என் கை தானாக அவர் முன்னால் நீண்டது. அக்கா கையைப் பிடித்தார். கோட்டைப் பார்த்தார்.

"கடிச்சியா?"

நான் தலையாட்டினேன்.

அக்கா உடனே கதவைத் திரும்பப் பூட்டினார். வண்டி கட்டச் சொல்லி ஆள் அனுப்பினார். அவரும் எங்களோடு ஏறிக்கொண்டார். "கைய நெஞ்சுக்கு மேல தூக்கி வச்சுக்கோ. தொங்கவிடாத" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பயணம் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஓடைத் தண்ணீரில் மாடுகள் இறங்கமாட்டேன் என்று நின்றன. வண்டிக்காரர் இறங்கி மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வண்டித்தட்டு வரைக்கும் தண்ணீர் வந்தது. நான் குழந்தையின் சட்டைக் கையை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோடு இல்லை. ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் பார்ப்பேன். குழந்தையின் நெற்றி சுட்டது. அவள் அழுதுகொண்டிருந்தவரை எனக்குக் கொஞ்சம் தைரியம் இருந்தது. பாதி வழியில் அழுகையை நிறுத்திவிட்டாள். அப்போது நான் மாமியின் கையைப் பிடித்து, "மாமி, மூச்சு இருக்கா பாருங்க" என்றேன். மாமி குழந்தையின் மூக்கருகில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "மூச்சு இருக்கு, தூங்குகு" என்றார்.

கோட்டாற்றில் அக்கா இறங்கிக்கொண்டார், மண்டிக்குப் போய் என் கணவரிடம் சொல்வதற்காக. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே ஒரு பெண் டாக்டர் இருந்தார். பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. நான் குழந்தையைத்தான் முதலில் நீட்டினேன். அவர் என் முன்கையைப் பார்த்துவிட்டு, "முதல்ல நீங்க உட்காருங்க" என்றார்.

"குழந்தையப் பாருங்கம்மா."

"ரெண்டு பேரையும் பாக்கும். பேடிக்க வேண்டாம், பயம் வேண்டாம்."

குழந்தையின் விரலை வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையை, அக்குளை, வயிற்றை எல்லாம் தடவிப் பார்த்தார். பிறகு, "குழந்தைக்கு யார் நகம் எடுக்கறது? எப்படி எடுக்கும்?" என்று கேட்டார்.

மாமி முன்னால் வந்தார்.

"நான்தான் கடிச்செடுக்கச் சொன்னேன். இவ மேல தப்பு இல்ல. இரும்பு ஆகாதுன்னு நான்தான் சொன்னேன்."

டாக்டர் மாமியின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய குறைந்த விரலைப் பார்த்தார். கோபப்படவில்லை. "வாயில உள்ள அழுக்கு வேற எங்கயும் இல்ல அம்மா. கத்தரிக்கோலக் கொதிக்க வைக்கலாம். வாயக் கொதிக்க வைக்க முடியுமா?" என்றார்.

குழந்தையின் விரலை இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தார்கள். தோல் இளகியதும் ஊசி நுனியால் தொட்டார், அவ்வளவுதான். ஒரு சொட்டுச் சீழ் வந்தது. மருந்து வைத்துக் கட்டி, தொடையில் பென்சிலின் ஊசி போட்டார். அவள் அழுத அழுகை வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். எனக்கு அந்த அழுகை தேனாக இருந்தது.

பிறகு என் முறை. விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். என்னை யாரும் பிடிக்கவில்லை. நான் அதற்காகவே காத்திருந்தேன், பிடித்தால் அறுக்கப் போகிறார்கள் என்று. "விரல் போயிருமா?" என்று கேட்டேன். "நகம் பாதி போகும். விரல் இருக்கும்னுதான் நினைக்கறேன்" என்றார். அந்த 'நினைக்கறேன்' என்ற வார்த்தையைக் கேட்டுத்தான் நான் அழுதேன். நகத்தின் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துச் சீழை வெளியேற்றினார்கள். கட்டுப் போட்டு முடித்ததும் டாக்டர் பேனாவை எடுத்து, என் கையில் அந்தச் சிவப்புக் கோடு முடிகிற இடத்தில், முழங்கைக்குச் சற்று மேலே, குறுக்காக ஒரு மைக்கோடு போட்டார்.

"சிவப்பு இதுக்கு மேல ஏறக்கூடாது. ஊசி காலையும் மாலையும் போடும். நாளைக்குப் பாக்கலாம்."

ஏறினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கணவர் மண்டியிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையில் மிளகாய் வாடை. வாசலிலேயே நின்று தும்மிக்கொண்டு, குழந்தையை எட்டிப் பார்த்தார். வார்டில் என் கட்டிலருகில் மாமி தரையில் உட்கார்ந்திருந்தார். கட்டுப்போட்ட கையால் நான் குழந்தையைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பால் கொடுக்கும் நேரத்தில் மாமிதான் குழந்தையைத் தூக்கி என் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்வார். நான் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, அவள் இழுத்து இழுத்துக் குடிப்பதை எண்ணிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் காலையில் அந்தச் சிவப்பு, டாக்டர் போட்ட மைக்கோட்டைத் தாண்டியிருந்தது. ஒரு விரற்கடை அளவு. நான்தான் முதலில் பார்த்தேன். பார்த்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். வீட்டில் ஒளித்ததைப் போலவே அன்றும் ஒளித்தேன். எவ்வளவு பட்டும் புத்தி வரவில்லை பாருங்கள். நல்லவேளை, மாமி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போர்வையை விலக்கினார். பார்த்த கையோடு நர்ஸைக் கூப்பிட எழுந்து ஓடினார். டாக்டர் வந்து மருந்தின் அளவைக் கூட்டினார். புது இடத்தில் இன்னொரு மைக்கோடு போட்டார்.

அன்று மத்தியானம் நான் மாமியிடம் சொன்னேன். "மாமி, புண்ண வாயில வச்சுச் சூப்பிட்டு, அந்த வாயாலதான் பிள்ளைக்க நகத்தக் கடிச்சேன். டாக்டரம்மாகிட்ட அதச் சொல்லல."

மாமி குழந்தையின் கட்டுப்போட்ட விரலைத் தன் உள்ளங்கையில் ஏந்தி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு விரலு போனப்போ வயித்துல ஒரு பிள்ள இருந்துது. அது தங்கல. காய்ச்சலுலதான் போச்சுன்னு மருத்துவச்சி சொன்னா. நான் யாருகிட்டயும் சொல்லல." குழந்தையின் கையை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, "நீ எங்கிட்டச் சொல்லிட்ட, அது போதும்" என்றார்.

சாயங்காலம் டாக்டர் வந்தபோது மாமியே அதைச் சொல்லிவிட்டார். டாக்டர் தலையசைத்துவிட்டுக் குழந்தையின் கையைப் பார்த்தார். சிவப்பு வடிந்திருந்தது. காய்ச்சலும் இறங்கியிருந்தது.

என் கோடு ஞாயிற்றுக்கிழமை காலை அதே இடத்தில் நின்றது. திங்கட்கிழமை வெளிறத் தொடங்கியது. முதலில் போட்ட மைக்கோட்டுக்குக் கீழே இறங்கிய அன்று, கோயில் மணி அடிக்கிற சத்தம் எங்கிருந்தோ கேட்டது. அதுவரை அங்கே மணி அடிக்கிறது என்பதே என் காதில் விழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். நகத்தோரத்தில் கிளம்பும் தோலைக் கடிக்கவோ பிய்க்கவோ கூடாது, கத்தரித்துவிட வேண்டும். ஈர வேலை முடிந்ததும் விரலிடுக்கு வரை துடைத்து, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். கால் நகத்தை ஓரத்தில் வளைத்து வெட்டக்கூடாது, நேராக வெட்ட வேண்டும். குழந்தைக்குக் குளிப்பாட்டிய பிறகு நகம் இளகியிருக்கும்போது, கொதிக்க வைத்த சின்னக் கத்தரிக்கோலால், விரல் சதையைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டும். எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். பாதிக்கு மேல் லேஸ் அக்கா தினமும் காலையில் எங்களிடம் கேட்டதுதான்.

கணவர் வடசேரியில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பத்து நாளுக்குள் குழந்தைக்கு நகம் வளர்ந்துவிட்டது. என் வலது கையில் இன்னும் கட்டு இருந்தது. இடது கையால் வெட்ட எனக்குத் துணிச்சல் இல்லை.

"மாமி, நீங்கதான் வெட்டணும்."

"எனக்க கை நடுங்கும் மக்ளே."

"நான் பிடிச்சுக்கிடுகேன்."

கத்தரிக்கோல் பானையில் கொதித்தது. மாமி அதை எடுத்துச் சுத்தமான துணியில் துடைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு மாமி எதற்கும் பயந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பாம்பைக்கூடக் கம்பால் அடித்துத் தூக்கிப் போடுவார். அன்று அந்த இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி உட்கார்ந்திருந்தார். அவருடைய மாமியாரும் அந்த மாமியாரின் மாமியாரும் ஆகாது என்று சொல்லிவந்த காரியம். நான் குழந்தையின் விரலைச் சதையை அழுத்திப் பிடித்தேன். மாமி ஜெபம் பண்ணினார். சுண்டுவிரலில் ஆரம்பித்தார். டிக் என்று ஒரு சத்தம். பிறை மாதிரி ஒரு துண்டு என் மடியில் விழுந்தது. இரண்டு பேரும் மூச்சை விட்டோம். குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தாள். பத்து விரல் முடிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முடிந்ததும் மாமி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

விரல் பிழைத்தது. நகம் திரும்ப வளர மாதக்கணக்காயிற்று. வளர்ந்தபோது நடுவில் ஒரு மேடு விழுந்து கோணலாக வளர்ந்தது. அந்த மேசைவிரிப்பின் ஓரத்தை வேறொருத்தி முடித்துக் கொடுத்தாள். அக்கா என்னை மாசி மாதத்துக்கு மேல்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

நான் பயத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல முடியாது. குழந்தைக்குக் கொஞ்சம் உடம்பு சுட்டாலும் சட்டையைத் தூக்கிக் கையில் கோடு தேடுவேன். கொசு கடித்த இடத்தைக் கண்டாலும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். வீட்டில் கை துடைக்க ஒரு துண்டு, கால் துடைக்க ஒரு துண்டு என்று தனித்தனியாக வைத்தேன். யார் தொட்டாலும் சண்டை போடுவேன்.

அடுத்த கோடையில் ஒரு சனிக்கிழமை கணவர் நொண்டிக்கொண்டே வந்தார். செருப்பைக் கழற்றி வெளியில் வைத்துவிட்டு, நான் பார்க்காத பக்கமாகக் காலை மடக்கி உட்கார்ந்தார். நான் பார்த்துவிட்டேன். வலது கால் பெருவிரல் சிவந்திருந்தது.

"என்ன செஞ்சிய?"

"நகம் சதைக்குள்ள குத்திச்சு. பிளேடால தோண்டி எடுத்தேன். சின்னதுதான்."

"எப்போ?"

"வியாழக்கிழம."

"எங்கிட்டச் சொல்லாம எதுக்கு மறைச்சிய?"

அவர் காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்து அவரே பயந்துபோயிருக்க வேண்டும். நான் அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு வந்து, அவர் முன்னால் உட்கார்ந்து, வேட்டியை முழங்காலுக்கு மேலே ஒதுக்கினேன். கணுக்காலிலிருந்து மேலே வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோடு இல்லை. இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிக்குச் சொல்லிவிட்டு வரும்படி மாமியிடம் சொன்னேன். மாமி உடனே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.